மூன்று மென்பொருள் வாங்கியும் எக்செல்தான் ஓடுகிறது, ஐடி மேனேஜர் வைத்தால் சரியாகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். அப்பா முப்பது ஆண்டாக நடத்தும் மளிகை மொத்த வியாபாரம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் இரண்டு கடை, ஜூரோங்கில் ஒரு கிடங்கு, மொத்தம் 35 பேர். ஆறு ஆண்டில் மூன்று மென்பொருள் வாங்கியாகிவிட்டது, ஆனால் உண்மையான கணக்கு இன்னும் எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறது. இப்போது ஒரு வெண்டர் எல்லாவற்றையும் ஒரே சிஸ்டத்துக்குள் கொண்டுவருகிறேன் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அப்பாவோ அதெல்லாம் வேண்டாம், நல்ல ஐடி மேனேஜர் ஒருவரைப் போடு என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கேட்க வந்தது அதற்கு முந்தைய கேள்வி என்று படுகிறது: காசு கொடுத்து வாங்கியது ஏன் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டது? அதற்குப் பதில் தெரியாமல் ஆளை வைத்தாலும் சரி, நான்காவது மென்பொருள் வாங்கினாலும் சரி, இன்னும் இரண்டு ஆண்டில் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி, அப்போதுதான் நான் சொல்வதில் எவ்வளவு தள்ளுபடி செய்யலாம் என்று உங்களுக்குத் தெரியும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் கணினி பூட்டிக் கொடுக்கும் வேலையில் தொடங்கினேன், பிறகு ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டு ஐடி பார்த்தேன், இப்போது பத்துப் பதினைந்து சிறிய கம்பெனிகளுக்கு வெளியிலிருந்து பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் 'வெளியே கொடுங்கள்' என்று நான் சொன்னால் அதில் என் பிழைப்பும் இருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி, மருத்துவமனை மாதிரிப் பெரிய இடங்களுக்குள் நான் வேலை பார்த்ததில்லை. ஐம்பது பேருக்குக் கீழே இருக்கும் கம்பெனிகளைப் பற்றித்தான் என்னால் தைரியமாகப் பேச முடியும்.

உங்கள் கிடங்கு போலவே இன்னொரு கிடங்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கும் சரக்கு இருப்பு மென்பொருள் போட்டிருந்தார்கள், ஆனால் யாரும் அதில் பதியவில்லை. 'நம்ம ஆளுங்களுக்குக் கம்ப்யூட்டர் வராது' என்றார் முதலாளி. ஒருநாள் விடிகாலை ஐந்து மணிக்கே போய், சரக்கு இறக்கும் இடத்தில் ஸ்டோர் அண்ணன் பக்கத்தில் நின்றேன். லாரி வந்தது, வெங்காய மூட்டை இறங்கியது. அவர் சட்டைப் பையிலிருந்து 555 என்ற சின்ன நோட்டை எடுத்து மூன்று எண்களை எழுதினார்: எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, எத்தனை அழுகல். பத்து வினாடி. அதே சரக்கை மென்பொருளில் பதியப் பதினொரு கட்டங்களை நிரப்ப வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் மாடியில் இருக்கும் கணினியில். அழுகலுக்கு அதில் கட்டமே இல்லை. வெங்காயம் நாளாக நாளாகக் காய்ந்து எடை குறையும் என்பது ஸ்டோர் அண்ணனுக்குத் தெரியும், மென்பொருள் எழுதியவருக்குத் தெரியாது. வந்தது 20 கிலோ, விற்றது 19 கிலோ, மீதி ஒரு கிலோ எங்கே என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. இரண்டு மாதம் திட்டு வாங்கிய பிறகு எல்லாரும் நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள். இதில் கம்ப்யூட்டர் வராதவர் யார்?

அதே கம்பெனியின் பொருள் பட்டியலைத் திறந்தபோது இன்னொன்று தெரிந்தது. சின்ன வெங்காயம் என்று ஒரு குறியீடு, சாம்பார் வெங்காயம் என்று ஒரு குறியீடு, ஷாலட் என்று ஒரு குறியீடு. மூன்றும் ஒரே மூட்டைதான். கடையில் ஒருவர் ஒன்றில் விற்க, கிடங்கில் இன்னொருவர் வேறொன்றில் வரவு வைக்க, ஒன்றில் இருப்பு மைனஸ் 400, மற்றொன்றில் பிளஸ் 430. எந்த ஐடி மேனேஜர் வந்தாலும் இதை அவரால் தனியாகச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் மூன்றும் ஒன்றா இல்லையா என்று சொல்ல வியாபாரம் தெரிந்தவர் வேண்டும். அங்கே முதலாளியின் தங்கை உட்கார்ந்து, மூன்று வாரம், நாளுக்கு இரண்டு மணி நேரம், பட்டியலைச் சுத்தம் செய்தார். அப்புறம் அதே பழைய மென்பொருள், பாதி கட்டங்களை மறைத்துவிட்டு, அழுகலுக்கு ஒரு கழிவுக் கணக்கும் சேர்த்து, ஒரு மலிவு டேப்லெட்டைக் கிடங்கு வாசலில் மாட்டியதும் ஓடத் தொடங்கியது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. உங்களுடைய மூன்றில் ஒன்றாவது இப்படி உயிர் பிழைக்கும் என்பது என் ஊகம். பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன்.

மூன்று மென்பொருளை ஏன் வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் 'மானியம் கிடைத்தது' என்று ஒரு சொல் உங்கள் கேள்வியில் போகிற போக்கில் வருகிறது. இங்கே இது ஒரு பழைய கதை. 'உற்பத்தித்திறன், புத்தாக்க ஊக்கத்தொகை' என்ற அரசுத் திட்டம் இருந்த காலத்தில் செலவில் 60 விழுக்காடு வரை ரொக்கமாகவே திரும்பக் கிடைத்தது, அதற்காகவே ஐபேடும் மென்பொருளும் வாங்கிக் குவித்தவர்களை எனக்குத் தெரியும். இப்போது பிஎஸ்ஜி எனப்படும் உற்பத்தித்திறன் தீர்வு மானியம், தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 50 விழுக்காடு வரை. நான் மானியத்துக்கு எதிரி இல்லை, தேவையானதை வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே வெண்டரோடு கையெழுத்துப் போட்டாலோ பணம் கட்டினாலோ அது கிடைக்காது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று யானையைப் பிடித்துக் கட்டினால், தீனி முழு விலைதான். ஆண்டுச் சந்தா, பயிற்சி, பழைய கணக்கை மாற்றும் கூலி, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் ஆட்களின் நேரம். கொட்டேஷனைக் கையில் எடுத்ததும் முதல் ஆண்டுத் தொகையைப் பார்க்காமல், மானியம் இல்லாமல் ஐந்து ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்.

இனி என் முக்கியமான பதில். உங்கள் கம்பெனிக்கு முதலில் தேவை ஐடி ஆள் அல்ல, ஐடி பற்றி முடிவெடுக்க ஒரு குடும்பத்து ஆள். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், கேள்வி கேட்டதே நீங்கள்தானே. கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பொருளை எந்த விலைக்கு யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று அப்பா முடிவெடுக்கிறார் அல்லவா, அதுபோல எந்த வேலை எந்த சிஸ்டத்தில் நடக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அந்தக் குடும்பத்து ஆளுக்கு வேண்டும். 'நிறுத்த' என்பதுதான் கடினம். புது மென்பொருள் போட்ட பிறகும் எக்செல் ஓட அனுமதித்தால் எக்செல்தான் ஜெயிக்கும், அது பழகிய கை. ஒரு தேதி குறித்து, அன்றுமுதல் எக்செல்லில் வரும் ஆர்டரை ஏற்க மாட்டோம் என்று அப்பாவின் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அப்பாவே அடுத்த நாள் பழைய வாடிக்கையாளருக்காக வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தால் கதை முடிந்தது. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நடந்தன, மென்பொருளில் இல்லை.

அந்தத் தேதியை எப்போது குறிப்பது என்பதிலும் கவனம். 1999ல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி பல பெரிய சிஸ்டங்களை ஒரே நேரத்தில் மாற்றியது. ஏப்ரலில் தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போய், ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் சமயத்தில் வந்து மாட்டிக்கொண்டது. சரக்கு கையில் இருந்தும் சுமார் 100 மில்லியன் டாலர் ஆர்டர்களை அவர்களால் அனுப்ப முடியவில்லை. உங்களுக்கு ஹாலோவீன் என்றால் தீபாவளி. ஆகஸ்ட் தொடங்கித் தீபாவளி முடியும் வரை எந்த மாற்றமும் கூடாது என்று எழுதியே வைத்துவிடுங்கள், பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரமும் அப்படித்தான். ஜனவரி 1 கூட ஆபத்தான நாள்: பொருள், சேவை வரி 2023ல் 7லிருந்து 8 விழுக்காடாகவும், 2024ல் 9 விழுக்காடாகவும் ஏறியது இரண்டுமே புத்தாண்டு அன்றுதான். என் வாடிக்கையாளர் ஒருவரின் கடையில் விலைப்பட்டியல் மாறியது, ரசீது அச்சடிக்கும் இயந்திரம் மாறவில்லை, காலை பதினொரு மணி வரை கையால் பில் போட்டார்கள். நான்தான் சோதித்துப் பார்க்காமல் விட்டேன், திட்டும் வாங்கினேன்.

அடுத்தது சாவிகள். இதை இன்றே செய்துவிடலாம், காசு செலவில்லை. உங்கள் இணையப் பெயர் (டொமைன்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? மின்னஞ்சலின் நிர்வாகக் கணக்கு யாருடையது? கணக்கு மென்பொருளின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம்? இந்த மூன்றுக்கும் 'பழைய வெண்டர் தம்பிகிட்ட இருக்கும்' என்பது பதிலானால், கடைச் சாவியை எதிர்க்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தூங்குகிறீர்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனிக்கு இணையப் பெயரை அமைத்துக் கொடுத்தவர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் அவருடைய பழைய முகவரிக்குப் போனது. ஒரு திங்கட்கிழமை காலை மின்னஞ்சல் நின்றுபோனது, மீட்க ஒன்பது நாள் ஆயிற்று, அந்த ஒன்பது நாளும் ஆர்டர் அனுப்பியவர்களுக்கு எல்லாம் திரும்பி வந்தது. எல்லா அட்மின் கணக்குகளையும் கம்பெனியின் பெயரில் மாற்றி, அவற்றின் பட்டியலை நீங்களும் அப்பாவும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். அரசின் இணையச் சேவைகளுக்குள் கம்பெனி சார்பில் நுழையும் கணக்கான கார்ப்பாஸில் யார் யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். வேலையை விட்டுப்போன கணக்காளரின் பெயர் அதில் இன்னும் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பேக்கப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் என் அவமானத்தைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் தினமும் இரவு பேக்கப் எடுக்கும்படி அமைத்துவிட்டு வந்தேன். தினமும் 'வெற்றி' என்று மின்னஞ்சல் வந்தது. எட்டு மாதம் கழித்து சர்வர் வட்டு போனபோது திறந்து பார்த்தால், இடையில் யாரோ கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், அது அப்போதிருந்து காலியான கோப்புறையைப் பத்திரமாக நகலெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து நான் பேக்கப் எடுக்கப்பட்டதா என்று கேட்பதில்லை, கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு பில்லைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பது பொதுவான விதி. அதோடு ஒன்றாவது வலைப்பின்னலில் இணையாமல் இருக்க வேண்டும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் வலைப்பின்னலைத் தாங்கிய டொமைன் சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்தன. ஒன்றுக்கொன்று நகலாக இருந்ததால் எல்லாம் சேர்ந்தே போயின. கானாவில் ஒன்றே ஒன்று தப்பியது, அதுவும் அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால். அந்த வட்டை நைஜீரியா விமான நிலையம் வரை ஒருவர் கொண்டுவர, அங்கே இன்னொருவர் வாங்கி இங்கிலாந்துக்கு எடுத்துப்போனார். அவ்வளவு பெரிய நிறுவனத்தையே மின்வெட்டுதான் காப்பாற்றியது. சரி, உங்களுக்கு மாதம் ஒருமுறை ஒரு வெளி வட்டில் நகலெடுத்து வீட்டு அலமாரியில் வைத்தால் போதும். வரிக் கணக்குப் பதிவுகளை எப்படியும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பில் உங்கள் அளவுள்ள கம்பெனிக்கு உண்மையான ஆபத்து எது என்றால், என் அனுபவத்தில், சப்ளையர் பெயரில் வரும் போலி மின்னஞ்சல். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை இதில் போடுங்கள்' என்று வரும், நடை, கையொப்பம் எல்லாம் அச்சாக அதே மாதிரி இருக்கும். கணக்கு எண் மாறினால், மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அல்லாமல், உங்களிடம் பழையதாக இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து பேசாமல் பணம் போகக்கூடாது. இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இருபடி உறுதிப்பாடு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) போடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, கடையில் பில் போடும் பழைய கணினிகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2018ல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் பேரின் விவரம் திருடுபோனதே, விசாரணைக் குழு சொன்னதில் என் மனதில் நின்றது தொழில்நுட்பம் அல்ல. சந்தேகம் தோன்றியும், மேலே சொன்னால் தனக்கும் தன் குழுவுக்கும் நெருக்கடி வரும் என்று ஒருவர் தயங்கியிருக்கிறார். உங்கள் கடைப் பையன் ஏதோ இணைப்பைத் தட்டிவிட்டால் அரை மணி நேரத்தில் வந்து சொல்வானா, பயந்து மறைப்பானா? அது அப்பா அவனிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. சட்டமும் இருக்கிறது: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்தே ஆக வேண்டும், சிறிய கம்பெனிக்கு விலக்கு இல்லை. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் விவரம் கசிந்தாலோ பெரிய தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அதை உறுதிசெய்த மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். வீட்டு விநியோகத்துக்காக வாங்கி வைத்திருக்கும் முகவரிகளும் தொலைபேசி எண்களும் இதில் சேர்த்திதான்.

சரி, ஆளா வெண்டரா? 35 பேருக்கு முழுநேர ஐடி மேனேஜர் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். முதல் மூன்று மாதம் ஓடுவார், பிறகு அச்சு இயந்திரத்துக்கு மை மாற்றிக்கொண்டிருப்பார், நல்லவராக இருந்தால் சலித்துப்போய் வேறு வேலைக்குப் போய்விடுவார், எல்லாச் சாவியையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டு. மாதச் சந்தாவுக்கு ஒரு வெளி நிறுவனத்தை வைத்து, எந்தப் பழுதை எத்தனை மணி நேரத்தில் பார்ப்பார்கள், கம்பெனித் தரவை விலகும்போது எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்த இரண்டாவது வரியைப் பலரும் கேட்பதில்லை. ஆனால் ஒன்று: உங்கள் விற்பனையில் பெரும்பகுதி இணையத்துக்கு நகரப்போகிறது என்றால் என் கணக்கு தப்பாகலாம், அப்போது உள்ளே ஒருவர் இருப்பதே மலிவாக முடியும். உங்கள் விற்பனை எண்களைப் பார்க்காமல் அதை நான் சொல்ல முடியாது.

ஒரே சிஸ்டத்தில் எல்லாம் என்ற கொட்டேஷனை இப்போது தூக்கிப் போட வேண்டாம், ஆனால் கையெழுத்தும் போட வேண்டாம். வெண்டரைக் கிடங்குக்கு விடிகாலையில் வரச் சொல்லுங்கள். விளக்கப்படம் எல்லாம் வேண்டாம், உங்கள் சரக்கு, உங்கள் ஸ்டோர்க்காரர், ஒரு லாரி மிளகாய் மூட்டை. அதை அவருடைய சிஸ்டத்தில் பதிந்து, ஈரம் காய்ந்த எடைக் குறைவை எழுதி, ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பிக் காட்டட்டும். அது அனுப்பும் மின்விலைச்சீட்டு, அதற்கென்றே சிங்கப்பூரில் இருக்கும் இன்வாய்ஸ்நவ் வலைப்பின்னலில் போகுமா என்றும் கேளுங்கள். பொருள், சேவை வரிக்குத் தாமாக முன்வந்து புதிதாகப் பதியும் நிறுவனங்களுக்கு 2026 ஏப்ரல் முதல் அது கட்டாயம், நீங்கள் முன்பே பதிந்தவர்கள் என்றாலும் வாங்குவதை வாங்கும்போதே அது இருப்பது நல்லது. ஏஐ இருக்கிறது, தானாகவே ஆர்டர் போடும் என்று சொன்னால் சின்ன வெங்காயத்துக்கு மூன்று குறியீடு இருக்கும் பட்டியலைக் காட்டி, இதை வைத்து என்ன போடும் என்று கேட்டுப் பாருங்கள், அவரே சிரித்துவிடுவார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் ஸ்டோர்க்காரரிடம் கேட்டு அவருடைய நோட்டை ஒரு நாள் இரவல் வாங்குங்கள், ஐந்தாறு பக்கத்தைப் படம் எடுத்து, வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். உங்களிடம் இருக்கும் மூன்று மென்பொருளின் பெயரையும், ஒவ்வொன்றிலும் கடைசியாக யார் எந்தத் தேதியில் நுழைந்தார் என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்தால் எதைத் தூசி தட்டலாம், எதன் சந்தாவை இந்த மாதமே நிறுத்தலாம் என்று கொஞ்சம் துல்லியமாகச் சொல்கிறேன்.